நிரம்பிவிட்ட பாத்திரம்

புதன்கிழமைகளில் வீட்டு வாசலில் எறிந்துவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் சத்தியபாமா அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். "நடிகர்கள் தேவை. மூன்று அங்க நகைச்சுவை நாடகம். அனுபவம் அவசியமில்லை. எல்லோரும் வரலாம்." கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அது 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம்.

மெல்பேர்னின் புறநகரான மல்கிரேவுக்கு அவர்கள் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவன் நித்தியானந்தனுக்கு ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைபடம் கீறும் வேலை. மகள் கமலினிக்குப் பதின்மூன்று வயது. சத்தியபாமா யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பதினான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர் கோப்புகளை எழுத்து வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதினான்கு வருடமும், வருடத்துக்கு ஒன்றாக, கல்லூரியின் ஆங்கில நாடகத்தை அவள்தான் மேடையேற்றினாள். பிள்ளைகளுக்கு மீசை ஒட்டினாள். தொப்பி தைத்தாள். பயத்தில் வாந்தியெடுத்தவர்களின் முகத்தைக் கழுவி மேடைக்குத் தள்ளிவிட்டாள். பிறகு கையில் பிரதியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு தடவைகூட அவள் மேடையின் நடுவுக்குப் போனதில்லை. ரீச்சர்மார் நடிப்பது வழக்கமில்லை. எல்லோருடைய வசனமும் அவளுக்குப் பாடம். அவளுக்கென்று மட்டும் ஒரு வசனமும் இருக்கவில்லை.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தாள். குழுவின் செயலாளர் மிஸிஸ் கோட்ஸ் என்ற பெண் பேசினாள்.

"உங்கள் குரல் எவ்வளவு அழகாக இருக்கிறது. எங்கே படித்தீர்கள்?"

"சிலோனில்."

"அப்படியா, தேயிலைத் தோட்டமா? என் மாமாவும் அங்கே துரையாக இருந்தவர்தான்."

சத்தியபாமா திருத்திச் சொல்ல வாயெடுப்பதற்குள் மிஸிஸ் கோட்ஸ் அடுத்ததுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பொது மண்டபத்துக்கு வர வேண்டும். லேடி தோர்ன்பி என்ற பாத்திரத்துக்கு இப்படியொரு குரலைத்தான் இயக்குநர் தேடுகிறார்.

நாடகத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் நூலகத்துக்குப் போய் ஒரு பழைய தொகுப்பில் அதைத் தேடியெடுத்தாள். விக்டோரியா மகாராணி காலத்து நாடகம். சேர் பார்னபி என்ற பணக்காரப் பிரமச்சாரி, அவசரப்பட்டு ஒரு பெண்ணுக்குக் கல்யாண வாக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றிய பேச்சிலிருந்து தப்புவதற்காகச் செவிடனாகிவிட்டதாக நடிக்கிறான். அந்தப் பெண்ணின் பெரியம்மா லேடி தோர்ன்பி தன் மகளோடு அவனுடைய மாளிகைக்கு விருந்தாளியாக வருகிறாள். முதல் அங்கத்திலேயே, விழுந்த தேக்கரண்டியின் சத்தத்துக்கு அவன் திரும்புவதை அவள் கண்டுவிடுகிறாள். ஆனால் ஒருவனை அவனுடைய வீட்டிலேயே இருந்துகொண்டு பொய்யன் என்று சொல்வது மரியாதை ஆகாது. ஆகவே அவனுடைய காதுக்குழலில் வாயை வைத்து மழையைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் உரக்கக் கத்துகிறாள். பிறகு அவன் பக்கத்தில் இருக்கும்போதே, சாதாரணக் குரலில், அவனுடைய பொய்முடியையும் கஞ்சத்தனத்தையும் அவன் எழுதும் கவிதைகளையும் மகளோடு அலசுகிறாள். அவன் முகம் மாறாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சத்தியபாமா அதை இரண்டு இரவில் மூன்று முறை வாசித்தாள். முதல் அங்கம் முழுவதும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

சனிக்கிழமை நீலச் சேலை உடுத்திக்கொண்டு போனாள். மண்டப வாசலில் மேசை போட்டு, பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்த மிஸிஸ் கோட்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சுருள்முடி, கழுத்தில் முத்துமாலை. சத்தியபாமா பெயரைச் சொன்னதும் அவளுடைய பேனை நின்றது.

"அடடா," என்றாள் மிஸிஸ் கோட்ஸ். குரலில் உண்மையான கனிவு இருந்தது. "எப்படிச் சொல்வது. அந்தப் பாத்திரம் இன்று காலைதான் நிரம்பிவிட்டது. உங்களை வீணாக வரவைத்துவிட்டேனே. ஒரு கோப்பை தேநீராவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்."

தேநீர் வந்தது. தட்டில் இரண்டு பிஸ்கற்றும் வந்தது. சத்தியபாமா நின்றபடியே குடித்தாள். உள்ளே மேடையில் யாரோ ஒரு பெண் லேடி தோர்ன்பியின் வசனத்தைத் தட்டுத்தடுமாறி வாசிப்பது கேட்டது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த புதன்கிழமை பத்திரிகையின் அதே ஏழாம் பக்கத்தில் அதே விளம்பரம் மறுபடியும் வந்தது. இந்த முறை, "குறிப்பாக, லேடி தோர்ன்பி பாத்திரத்துக்கு முதிர்ந்த பெண் ஒருவர்" என்று ஒரு வரி கூடியிருந்தது.

அவள் பத்திரிகையைக் குசினி மேசையில் விரித்து நித்தியானந்தனுக்குக் காட்டினாள். அவன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அவை மரியாதையாச் சொல்லிப்போட்டினம். நாங்களும் மரியாதையா விலகியிருக்க வேணும், பாமா."

"அவை சொன்னது பொய்."

"பொய்தான். எனக்கு விளங்காதே? போய் அந்த மனுசியின்ர முகத்துக்கு நேர பொய் எண்டு சொல்லப் போறீரோ?"

"இல்லை," என்றாள் சத்தியபாமா. "நம்பப் போறன்."

அவன் அவளைப் பார்த்தான். "என்ன சொல்லுறீர் எண்டு விளங்கேல்லை."

"அவ சொன்னதை அப்பிடியே நம்பப் போறன். பாத்திரம் நிரம்பினது உண்மை. நிரம்பின ஆள் விலகிட்டா, அதாலதான் திரும்ப விளம்பரம். வேற என்ன காரணம் இருக்கேலும்?"

அன்று மாலை அவள் நல்ல தாளில், தன் அழகான கையெழுத்தில், மிஸிஸ் கோட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினாள். லேடி தோர்ன்பியாக நடிக்கவிருந்த அம்மையார் விலக நேர்ந்ததைப் பத்திரிகையில் பார்த்து மிகவும் வருந்தியதாகவும், அவருடைய உடல்நலத்துக்கு ஒன்றுமில்லை என்று நம்புவதாகவும், இந்த இக்கட்டில் குழுவுக்கு உதவ வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குத் தான் வருவதாகவும் எழுதினாள். சென்ற வாரத் தேநீருக்கு நன்றியும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தபாற்பெட்டியில் போட்டாள்.

சனிக்கிழமை அவள் வாசலுக்கு வந்தபோது மிஸிஸ் கோட்ஸ் எழுந்தே நின்றுவிட்டாள். அவளுடைய கழுத்து மெல்லச் சிவந்தது.

"உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் அன்பான கடிதம்."

"அந்த அம்மா எப்படியிருக்கிறார்?"

மிஸிஸ் கோட்ஸ் பேனையின் மூடியைத் திருகி மூடினாள். பிறகு, "இடுப்பு," என்றாள். "இடுப்பில் கொஞ்சம் கோளாறு."

"பாவம். படியேறுவது சிரமமாக இருக்குமே."

"யாருக்கு இடுப்பு?" என்று கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு மனிதர் வந்தார். இயக்குநர் லெஸ்லி. மருந்துக்கடை வைத்திருப்பவர். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"லேடி தோர்ன்பியாக நடிக்க இருந்தவருக்கு," என்றாள் சத்தியபாமா. "சென்ற வாரம் நான் வந்தபோது பாத்திரம் நிரம்பியிருந்தது. மிஸிஸ் கோட்ஸ் அன்பாகச் சொல்லி அனுப்பினார். இப்போது இடம் காலியாகிவிட்டதால் வந்திருக்கிறேன்."

லெஸ்லி மிஸிஸ் கோட்ஸைப் பார்த்தார். மிஸிஸ் கோட்ஸ் மேசையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள். லெஸ்லிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வந்த ஒருத்தியின் முன்னால் தன் செயலாளரை விட்டுக்கொடுப்பது அவருக்கும் முடியாத காரியம்.

"ஆம், இடுப்பு," என்றார் அவர். "வாருங்கள். வாசித்துப் பார்க்கலாம்."

மேடையில் ரொன் என்ற மனிதன் காதுக்குழலோடு உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் தண்ணீர்க் குழாய் திருத்துபவன், நாடகத்தில் சேர் பார்னபி. சத்தியபாமா பிரதியைக் கையில் வாங்கினாள், ஆனால் திறக்கவில்லை. முதல் அங்கத்தின் தேநீர்க் காட்சியைப் பாடமாகவே சொன்னாள். முடிந்தபோது லெஸ்லி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் மிகவும் நன்றாகச் செய்கிறீர்கள்," என்றார். "அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாருங்கள், லேடி தோர்ன்பி ஓர் ஆங்கிலப் பிரபுவின் மனைவி. பார்க்க வருகிறவர்கள் நம்ப வேண்டும். எனக்கு ஒரு யோசனை வருகிறது. அவளுடைய பணிப்பெண்ணை இந்தியாவிலிருந்து கூட்டிவந்த ஆயாவாக மாற்றிவிட்டால் என்ன? அந்தக் காலத்தில் அப்படி நடந்ததுதானே. உங்களுக்கு அது அழகாகப் பொருந்தும்."

"அந்தப் பணிப்பெண்ணுக்கு நாலு வரிதான் இருக்கிறது," என்றாள் சத்தியபாமா. "அதில் இரண்டு வரி 'ஆம் அம்மா'. அதற்கு நான் தேவையில்லை." பிறகு ரொன் பக்கம் திரும்பினாள். "மன்னிக்க வேண்டும், இவரைப் பார்த்து எல்லோரும் சேர் பார்னபி என்று நம்புவார்களா?"

ரொன் தன் கையைப் பார்த்தான். நகங்களுக்குள் கறுப்பு இருந்தது. "என் அம்மாவே நம்பமாட்டாள்," என்றான்.

"ஆனாலும் இவர் நடிக்கிறார். ஒருவர் இன்னொருவராக வருவதற்குத்தானே நாடகம்."

லெஸ்லி சிரித்தார். பெருமூச்சும் விட்டார். "இன்னும் மூன்று பேர் வாசிக்க இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியப்படுத்துகிறோம்."

அந்த வசனம் சத்தியபாமாவுக்கு நன்றாகத் தெரியும். படிப்பிக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பித்த ஐந்து இடங்களிலும் அதைத்தான் சொன்னார்கள்.

"எனக்குக் கடிதம் எழுதிச் சிரமப்பட வேண்டாம்," என்றாள். "நான் அந்தக் கதிரையில் இருக்கிறேன். முடிந்ததும் நேரிலேயே சொல்லலாம்."

மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூன்று பேரும் வாசித்து முடிய ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. ஒருத்தி இறைச்சிக் கடைக்காரரின் மனைவி. ரொனின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள். மற்றவள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நன்றாகத்தான் வாசித்தாள், ஆனால் மேடையிலிருந்த எல்லோரையும் தண்டிக்கப் போவது போல இருந்தது. மூன்றாவதாக மிஸிஸ் கோட்ஸ் தானே மேடைக்குப் போனாள். சத்தியபாமா அதை எதிர்பார்க்கவில்லை. மிஸிஸ் கோட்ஸ் ஒவ்வொரு வசனத்தையும் சபையைப் பார்த்து, கையை விரித்து, பாடுவது போலச் சொன்னாள். லெஸ்லி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியாக ஒன்று," என்றார் அவர். "மூன்றாம் அங்கத்தின் முடிவு. மிஸிஸ் நித்தியானந்தன், நீங்கள் இன்னொரு முறை வாருங்கள்."

அந்தக் காட்சியில் லேடி தோர்ன்பி சேர் பார்னபியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். இத்தனை நாளும் அவனைக் குத்திக் குத்திப் பேசியவள், இப்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். இந்த வீட்டில் ஒரு தனிமையான மனிதன் இருக்கிறான், இவ்வளவு அவமானத்தையும் கேட்டுக்கொண்டு என் கோப்பை காலியாகும்போதெல்லாம் தானே எழுந்து வந்து நிரப்பினான், நான் சந்தித்தவர்களில் இவன்தான் நல்லவன் என்கிறாள். சேர் பார்னபி பழக்கதோஷத்தில் "நன்றி அம்மணி" என்று சொல்லி மாட்டிக்கொள்கிறான். அவனுடைய பொய்யைப் பிடித்துக் கொடுப்பது அவனுடைய மரியாதையேதான்.

சத்தியபாமா அதை மெதுவாகச் சொன்னாள். யாரையும் சிரிக்கவைக்க முயலவில்லை. தெரியாத ஊரில் ஒரு வேலையை முடித்துவிட்டுக் களைத்துப்போன பெண் பேசுவது போலப் பேசினாள். இன்னும் ஒரு வரி மீதியிருந்தபோதே ரொன் திரும்பி, "நன்றி அம்மணி," என்றான். சொன்ன பிறகுதான் பிரதியைப் பார்த்தான்.

"அவசரப்பட்டுவிட்டேன்," என்றான் லெஸ்லியிடம். "மன்னிக்க வேண்டும். உண்மையாகவே சொல்வது போல இருந்தது."

லெஸ்லி பிரதியை மூடினார். பிறகு பென்சிலை எடுத்துத் தாளில் ஒரு பெயரை எழுதினார். "செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு ஒத்திகை. பிந்தக் கூடாது."

நடிகர்கள் மறந்தால் வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை மிஸிஸ் கோட்ஸுக்குக் கிடைத்தது. மேடையின் ஓரத்தில் பிரதியோடு நிற்க வேண்டும்.

ஏப்ரல் முழுவதும் ஞாயிறு காலைகளில் குசினியில் பயிற்சி நடந்தது. நித்தியானந்தன் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே சேர் பார்னபியாக இருக்கச் சம்மதித்தான். அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்ன சொன்னாலும் கேட்காதது போல இருக்க வேண்டும். சத்தியபாமா பிரதியில் இருப்பதைச் சொல்வாள். திடீரென்று பிரதியை விட்டுவிட்டு, மகளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்வாள்:

"கமலினி, உன்ர அப்பா கலியாணத்துக்கு முதல் எனக்கு எழுதின காயிதத்தில எத்தினை எழுத்துப் பிழை இருந்தது தெரியுமே?"

நித்தியானந்தனின் கத்தி நின்றது.

"டாட், யூ மூவ்ட்," என்றாள் கமலினி.

"நான் அசையேல்லை. கிழங்கு வழுக்கினது."

"பதினொரு பிழை," என்றாள் சத்தியபாமா. "அதில என்ர பேரிலயே ஒண்டு."

அவன் காது சிவந்தது. ஆனால் தொடர்ந்து தோலுரித்தான். மூன்றாவது ஞாயிறளவில் அவன் அந்த விஷயத்தில் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டான்.

மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் வேலையால் வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தான். அலுவலகத்தில் அவனை எல்லோரும் "நிக்" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் மேற்பார்வையாளர் வைத்த பெயர் அது. அவன் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"இண்டைக்கு எனக்கும் காது கேக்கேல்லை," என்றான்.

"என்ன சொல்லுறியள்?"

"நிக் எண்டு மூண்டு தரம் கூப்பிட்டான். நான் கோடு கீறிக்கொண்டு இருந்தன். பிறகு மேசைக்குக் கிட்ட வந்து, என்னப்பா, காது கேக்கேல்லையோ எண்டான். நித்தியானந்தன் எண்டு கூப்பிட்டால் கேக்கும் எண்டு சொன்னன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னன்."

"அவன் என்ன செய்தவன்?"

"நாலு தரம் சொல்லிப் பாத்தான். நித்தி வரைக்கும் வந்திட்டான். மிச்சத்தை அடுத்த மாசம் பாப்பம்."

சத்தியபாமா அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் அவன் அன்று முழுவதும் நிமிர்ந்து நடந்தான்.

செய்தி எப்படியோ பக்கத்துப் புறநகரான கிளேற்றனுக்குப் போய்விட்டது. அங்கே மகனோடு இருந்த பவளம் அன்ரி தொலைபேசியில் வந்தார். மெல்பேர்னில் அப்போது இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்தான் நல்லது கெட்டது சொல்லும் மனுசி.

"பிள்ளை, நீ மேடையில ஆடப் போறியாமே. வெள்ளைக்காரனோட. எங்கட சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனியே? நான் உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறன்."

"ஓம் அன்ரி. நீங்கள் கேட்டு ரெலிபோன் எடுத்தது எனக்கு எவ்வளவு சந்தோசம். உங்களுக்கும் மகனுக்கும் முன் வரிசையில ரெண்டு ரிக்கற் எடுத்து வைக்கிறன். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு."

"எத்தினை மணித்தியாலம் ஓடும்?" என்று கேட்டார் அன்ரி.

முதல் காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, உடையோடு ஒத்திகை. சத்தியபாமாவுக்கு ஊதா நிறத்தில் நீண்ட கவுண் தைத்திருந்தார்கள். ஒப்பனை அறையில் அவள் கண்ணாடியின் முன்னால் இருந்தபோது மிஸிஸ் கோட்ஸ் உள்ளே வந்து, ஒரு சிறிய வட்டப் போத்தலை மேசையில் வைத்தாள். உள்ளே வெளிர் ரோசா நிறத்தில் முகப்பூச்சு இருந்தது.

"வெளிச்சத்துக்காக, கண்ணே," என்றாள். "மேடையில் எல்லோரும் பூசிக்கொள்வதுதான். முகத்துக்கும் கைக்கும் போதுமான அளவு இருக்கிறது."

சத்தியபாமா மேசையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தாள். ரொனும் மற்றவர்களும் பயன்படுத்தும் போத்தல்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் அவரவர் நிறத்துக்கு நெருங்கியவை. இது போல வெளிறியது ஒன்றும் இல்லை.

இரண்டு மாதமாக அவள் ஒவ்வொரு பொய்யையும் மரியாதையாக நம்பிவந்திருந்தாள். இதற்கும் ஒரு மரியாதையான பதில் நாக்கின் நுனிக்கு வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"இல்லை," என்றாள்.

அந்தச் சொல்லை மன்னிப்புக் கேட்காமல், முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்காமல், வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவள் சொன்னது அதுவே முதல் தடவை. கண்ணாடியில் மிஸிஸ் கோட்ஸின் கண்களையே பார்த்தாள்.

"லேடி தோர்ன்பிக்கு இந்த முகம்தான். இதற்கு மேல் நான் ஒன்றும் பூசமாட்டேன். லெஸ்லி சொன்னாலும் பூசமாட்டேன்."

மிஸிஸ் கோட்ஸ் போத்தலை எடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"லெஸ்லிக்கு இது தெரியாது," என்றாள். "நானே வாங்கியது." பிறகு தொடர்ந்தாள், "பத்தொன்பது வருடமாக இந்தக் குழுவில் எல்லாப் பெரியம்மாக்களும் நான்தான். இந்த முறை லெஸ்லி எனக்குத் தரவில்லை. விளம்பரம் போட்டார். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டபோது நினைத்தேன், சரி, இப்படியொருத்தி வந்தால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், தாங்கிக்கொள்வோம் என்று. பிறகு நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்." அவள் முத்துமாலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குச் சந்தோசமாக இருந்தது. இனி விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்று."

அதைக் கேட்டபோது சத்தியபாமாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. அதோடு, இந்த ஊருக்கு வந்தபின் தன்னிடம் ஒருவர் பூசி மெழுகாமல் பேசியது இதுதான் என்பதும் தெரிந்தது.

"அது கேவலமான வேலை," என்றாள்.

"ஆம்."

"நீங்கள் தந்த தேநீரும் ஆறிப்போயிருந்தது."

மிஸிஸ் கோட்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுவும் உண்மைதான்," என்றாள். எழுந்து போத்தலைக் கைப்பைக்குள் போட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "இரண்டாம் அங்கத்தில் விசிறியை இடது கையில் பிடியுங்கள். வலது கையில் பிடித்தால் உங்கள் முகம் சபைக்கு மறைகிறது. பத்து நாளாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்."

அன்றைய ஒத்திகையில் சத்தியபாமா விசிறியை இடது கையில் பிடித்தாள். மிஸிஸ் கோட்ஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் நித்தியானந்தன், கமலினி, பட்டுச் சேலையில் பவளம் அன்ரி, அவருடைய மகன். மீதிப்பேர் எல்லோரும் அந்தப் பகுதி ஆட்கள். முதல் காட்சி தொடங்கிப் பத்து நிமிடத்தில் வீட்டுப் பணியாளாக நடித்தவன், "லேடி தோர்ன்பி வருகிறார்," என்று அறிவித்தான். கதவு திறந்தது. சத்தியபாமா ஊதாக் கவுணோடு நடந்து வந்து மேடையின் நடுவில் நின்றாள்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் ஏதோ சொன்னார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் சிரித்தார்கள். நாடகத்துக்கான சிரிப்பு அல்ல அது. நித்தியானந்தன் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தான்.

சத்தியபாமா வசனத்தைச் சொல்லவில்லை. ஒரு கணம் போனது, இன்னொரு கணம் போனது. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து மிஸிஸ் கோட்ஸ் ஓரத்திலிருந்து முதல் சொல்லை மெல்ல எடுத்துக்கொடுத்தாள். சத்தியபாமா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கையிலிருந்த, பிடி வைத்த மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கண்ணுக்கு உயர்த்தி, சிரிப்பு வந்த வரிசையைப் பார்த்தாள். ஒரு பெரிய வீட்டின் சொந்தக்காரி, விரிப்பில் சேற்றுக் காலோடு நிற்கும் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்த வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பதினான்கு வருட வகுப்பறை அந்தப் பார்வையில் இருந்தது. சிரிப்பு அடங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார். அதுவும் அடங்கியது.

மண்டபம் முழுக்க நிசப்தமான பிறகு கண்ணாடியை இறக்கி, சேர் பார்னபியின் பக்கம் திரும்பி, தன் முதல் வசனத்தைச் சொன்னாள்:

"நாங்கள் சற்று முன்னதாகவே வந்துவிட்டோம் போலிருக்கிறது. வீட்டை இன்னும் கூட்டி முடிக்கவில்லை."

ஒரு நொடி கழித்து மண்டபம் சிரித்தது. முன்வரிசை, நடுவரிசை, கடைசியில் அந்தப் பின்வரிசையும் சிரித்தது. அதன் பிறகு அவளுக்கு எதுவும் கடினமாக இருக்கவில்லை. மூன்றாம் அங்கத்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசியபோது ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. திரை விழுந்ததும் ரொன் அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான்.

பவளம் அன்ரி ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, நீ அந்த மனுசனை அவ்வளவு லேசா விட்டிருக்கப்படாது. ஊரெல்லாம் செவிடன் எண்டு ஏமாத்தினவன். இன்னும் ரெண்டு கேள்வி நறுக்கெண்டு கேட்டிருக்க வேணும்."

"எழுதியிருக்கிறதைத்தானே அன்ரி சொல்லலாம்."

"எழுதினவனுக்கு என்ன தெரியும்," என்றார் அன்ரி. "அடுத்த சனிக்கிழமையும் இருக்காமே. என்ர சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

நான்கு காட்சிகள் நடந்தன. உள்ளூர்ப் பத்திரிகை அதைப் பற்றி ஆறு வரி எழுதியது. அதில் இரண்டு லேடி தோர்ன்பியைப் பற்றியவை. அவளுடைய மரியாதை பார்ப்பவர்களை நடுங்கவைத்தது என்று எழுதியிருந்தார்கள். அவளுடைய பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. நித்தியானந்தன் ஆசிரியருக்குத் திருத்தக் கடிதம் எழுதினான். அடுத்த வாரம் அதையும் போட்டார்கள்.

கடைசிக் காட்சி முடிந்த பிற்பகல் எல்லோரும் சேர்ந்து கதிரைகளை அடுக்கினார்கள். சத்தியபாமா கவுணைக் கழற்றிச் சேலை உடுத்திக்கொண்டு வந்தபோது, மிஸிஸ் கோட்ஸ் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு புதிய பிரதிகள்.

"செப்டெம்பரில் அடுத்த நாடகம்," என்றாள். "ஒரே வீட்டில் இருபது வருடம் பேசாமல் வாழும் இரண்டு சகோதரிகள். மூத்தவளுக்குத்தான் நல்ல வசனம் எல்லாம். பார்வையாளர்கள் நம்புவார்களா என்று லெஸ்லி இன்னும் முனகிக்கொண்டிருக்கிறார். முனகட்டும். சனிக்கிழமை வாசிப்பு. யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. உண்மையாகவே கொடுக்கவில்லை."

"நான் மூத்தவளுக்கு வாசிப்பேன்," என்றாள் சத்தியபாமா.

"நானும் மூத்தவளுக்குத்தான் வாசிப்பேன்," என்றாள் மிஸிஸ் கோட்ஸ். "சொல்லிவிடுகிறேன், நான் இந்த முறை விடுவதாக இல்லை."

"நானும்தான்."

மிஸிஸ் கோட்ஸ் ஒரு பிரதியை நீட்டினாள். சத்தியபாமா அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் நித்தியானந்தனும் கமலினியும் காத்திருந்தார்கள். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவள், கார் வெலிங்டன் வீதிக்குத் திரும்புவதற்குள் முதல் பக்கத்தை வாசித்து முடித்திருந்தாள்.